முந்திப் போன பாட்டு

முதலில் என்னுடைய பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கோ பிள்ளை. தனிஸ்லாஸ். த, னி, ஸ், லா, ஸ். அந்தப் பாட்டை இணையத்தில் போட்டிருக்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாடியவர் பெயர் இருக்கிறது. கவிஞர் பெயர் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்தவரின் பெயர்கூட இருக்கிறது. இசை என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு நான்.

யன்னலைச் சாத்திவிடுங்கோ. மாதத்தில் ஒருக்கா புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்து, ‘மாஸ்டர் இப்ப என்ன பாட்டுப் போடுறது?’ என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். ‘சேர்ச்சில பாடுற பாட்டுத்தான் தம்பி’ என்பேன். அது உண்மையும்தான்.

நீங்கள் கனடாவிலிருந்து வந்து எல்லாப் பாட்டையும் பட்டியல் போடுகிறேன் என்கிறீர்கள். நல்ல காரியம். இயக்கத்துக்கு நான் இசை அமைத்தது ஐம்பத்துமூன்று பாட்டு. நீங்கள் ஐம்பத்திரண்டை விட்டுவிட்டு நேரே இதற்கு வருகிறீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், இரண்டு திகதி. பாட்டு வானொலியில் போனது மார்ச்சில், தாய் வைத்திருக்கிற படத்தில் யூலை என்று போட்டிருக்கு, எது பிழை என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். பிழை நடந்தது நடுவில். அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் அந்தக் கோடு.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது நான் சைக்கிள் கரியரில் ஆர்மோனியத்தைக் கட்டினேன். என் மனைவி றெஜினா அரிசிச் சாக்கைக் கட்டச் சொன்னா. ‘பெட்டியை அவிச்சுத் திண்ணப் போறியளோ?’ என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தா. கடைசியில் அந்தப் பெட்டிதான் சோறு போட்டது. கோயிலில் பாட்டுப் பழக்குகிற ஒரு மாஸ்டர் வன்னிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இயக்கத்தின் கலைப் பிரிவு என்னைக் கூப்பிட்டது. புதுக்குடியிருப்பில் ஒரு வீடு தந்தார்கள். முன்னறைச் சுவர் முழுக்கச் சணல் சாக்கு, யன்னலில் மெத்தை. அதுதான் ஸ்ரூடியோ. மின்பிறப்பாக்கி மண்ணெண்ணெயில் ஓடும். அதன் சத்தம் ஒலிப்பதிவில் விழாமல் இருக்க, தோட்டத்துக்கு அந்தப் பக்கம் கிடங்கு வெட்டி இறக்கியிருந்தோம். விமானச் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்திவிட்டு நாங்களும் ஒரு கிடங்கில் இறங்குவோம்.

வேலை என்ன என்று கேட்டுத்தான் சேர்ந்தேன். விட்டுப் போவது எப்படி என்று கேட்கவில்லை. பிறகு ஒருநாள், வவுனியாவுக்குப் போய் டொக்டரிடம் கண் காட்டவேண்டும் என்று, வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் கேட்டேன். தணிகை சிரித்தான். ‘மாஸ்டர், உங்கட வாயிலயும் காதிலயும் எவ்வளவு இருக்கு. உங்களை எப்பிடி வெளியில விடுறது?’ என்றான். தணிகைதான் எனக்குப் பொறுப்பாளர். ஒல்லியான ஆள், மரியாதையான ஆள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

என் காதில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

வழக்கமான பாட்டு, ஆள் போன பிறகு வரும். சில பாட்டு, ஆள் போக முதலே வரும். திரும்பி வராத வேலை என்று தெரிந்து போகிறவர்களுக்கான பாட்டு. செய்தி வருகிற அன்றே வானொலியில் பாட்டும் போகவேண்டும். ஆகவே முன்கூட்டியே செய்து, இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும். அதற்குத் திறப்பு ஒன்றுதான். செபமாலையோடு சேர்த்து என் கழுத்தில் கிடந்தது.

யாருக்குப் பாட்டு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கடைசி அடியில் பெயர் வருமே. பெயர் நெடிலில் தொடங்குதா குறிலில் தொடங்குதா, எத்தனை அசை, எங்கே அழுத்தம் என்று தெரியாமல் எப்படி மெட்டுப் போடுவது? அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். கவிஞர் எழுதிய வரிகளைத் தணிகை ஒரு துண்டில் கொண்டுவந்து தருவான். அதில் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயரின் சந்தம் மட்டும் இருக்கும். தனனா என்றிருக்கும். தந்தானன் என்றிருக்கும். நான் அந்த அளவுக்கு மெட்டை வெட்டி வைப்பேன். கடைசி நாள் பாடகர் வந்து, தணிகை காதில் சொல்கிற பெயரை அந்த இடத்தில் பாடிவிட்டுப் போவார். அப்போது நான் வெளியே நிற்கவேண்டும். பிறகு உள்ளே வந்து ஒலியைச் சரிபார்க்கும்போது பெயர் என் காதில் விழத்தான் செய்யும். ஆனாலும் வெளியே நிற்கவேண்டும். அது ஒழுங்கு.

தொண்ணூற்றெட்டு மாசியில் வந்த துண்டில் ‘தானன்னன்’ என்றிருந்தது.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்தது இரண்டு பெயர். மாமல்லன். பூவண்ணன். மாமல்லனுக்கு ஒரு கால் இல்லை, அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். மேலே இருந்த வரியைப் பார்த்தேன். ‘விரலில் தாளம் வைத்திருந்தாய், வீதியெங்கும் விதைத்துப் போனாய்.’ போதும்.

பூவண்ணன் என்னிடம் ஒரு வருடத்துக்கு மேல் டோலக் வாசித்தவன். இருபத்தாறு வயது. நல்ல கை, கெட்ட வாய். என் மெட்டைக் கேட்டு, ‘இது போன மாதப் பாட்டுக்குச் சட்டை மாத்தின மாதிரி இருக்கு மாஸ்டர்’ என்று சொல்லக்கூடியவன். ஆறு மாதத்துக்கு முதல் வேறு இடத்துக்கு மாறிப் போனான். எங்கே என்று கேட்கிற பழக்கம் அங்கே இல்லை.

நீங்கள் அப்படிப் பார்க்காதேங்கோ. பாட்டுப் போட்டேன். வேறு என்ன செய்வது? துண்டைத் திருப்பிக் கொடுக்கமுடியுமா? எல்லோரும் அந்த மாதிரிப் பாட்டுக்கு முகாரி, சிவரஞ்சனி என்று அழ வைப்பார்கள். நான் மோகனத்தில் போட்டேன். மோகனம் சந்தோசமான ராகம். பல்லவியிலிருந்து சரணம்வரை வெயில் அடித்த மாதிரிப் போகும். பெயர் வருகிற இடத்தில் மட்டும், மோகனத்தில் இல்லாத ஒரு நிஷாதத்தை மெல்லத் தொட்டு விட்டேன். ஒரேயொரு அந்நிய சுரம். சில பாட்டு ஒரு மாதம் இழுக்கும். இது ஐந்து நாளில் முடிந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு பாட்டு எனக்கு வரவில்லை, இனியும் வராது.

ஒலிப்பதிவுக்குத் தணிகை ஆளைக் கூட்டிவந்தான். மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து பூவண்ணன் இறங்கினான்.

‘தான்தான் அடிக்கவேணுமெண்டு கேட்டவன்’ என்றான் தணிகை. அவ்வளவுதான் சொன்னான்.

பூவண்ணன் மெட்டை ஒருமுறை கேட்டான். ‘என்ன மாஸ்டர், கலியாண வீட்டுக்கும் போடலாம்போல இருக்கு?’

‘பிடிக்கேல்லையோ?’

‘சீ, நல்லா இருக்கு. கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்கோ. இப்பிடி இழுத்தால் ஆளுக்கு நித்திரை வந்திடும்.’

‘எந்த ஆளுக்கு?’

‘கேக்கிற ஆளுக்கு மாஸ்டர்’ என்று சொல்லிவிட்டு டோலக்கின் வாரை இறுக்கினான்.

பெயர் வரவேண்டிய இடத்தில் அப்போது புல்லாங்குழல்தான் போனது. அந்த இடம் வந்ததும் பூவண்ணன் கையைத் தூக்கிவிட்டான். அடிக்கவில்லை. முடிந்ததும் கேட்டேன், ஏன் விட்டாய் என்று. ‘பெயர் வடிவாக் கேக்கட்டும்’ என்றான். றெஜினா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தான், போனான். பாடகர் வந்து பெயரைப் பாடினார். நான் வெளியே நின்றேன். பாட்டுப் பெட்டிக்குள் போனது.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். கவனமாக எழுதுங்கோ, ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் மாற்றிச் சொல்கிறார்கள்.

பங்குனியில் வானொலிக்காரர் புதுப்பாட்டுகள் கேட்டிருந்தார்கள். நாலு பாட்டு உள்ள ஒலிநாடா ஒன்று மேசையில் தயாராக இருந்தது. நீல உறை. பெட்டியில் இருந்ததும் நீல உறை. அந்தக் காலத்தில் பொருள் வராது, கிடைக்கிற உறையில்தான் போடவேண்டும். இரண்டும் நீலம். மாறிப் போய்விட்டது. அவ்வளவுதான்.

பெட்டி பூட்டியிருந்ததே என்று தணிகையும் கேட்டான், நீங்களும் கேட்கப் போகிறீர்கள். அன்று காலை நான்தான் திறந்தேன். எதிரொலி கொஞ்சம் கூடிப்போனதோ என்று ஒரு சந்தேகம். கேட்டுப் பார்க்க எடுத்தேன். ஒரு கலைஞனுக்கு அந்தச் சந்தேகம் வரும் பிள்ளை. அந்த மாதம் மல்லாவிப் பக்கத்து ஸ்ரூடியோக்காரர் போட்ட ஒரு பாட்டைச் சந்தையில், பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில் எங்கே பார்த்தாலும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். சாதாரண மெட்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன். வானொலிப் பிள்ளை வாங்க வந்தபோது நான் உறையைக் கையில் கொடுத்து, ‘முதல் பாட்டை முழுக்கப் போடுங்கோ, இடையில வெட்டாதேங்கோ’ என்றேன். யாருக்கும் சொல்வதுதான்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு நானும் றெஜினாவும் முற்றத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தேன். பற்றறி கிடையாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். அன்றைக்குச் சுற்றியது நான். பல்லவி வந்தது. றெஜினா என்னைப் பார்த்தா. அவவுக்கு அந்தப் பாட்டுத் தெரியும், பழகும்போது கேட்டவ. ‘இஞ்சருங்கோ, இது பெட்டிப் பாட்டெல்லோ?’ என்றா. சரணம் வந்தது. ‘நிப்பாட்டுங்கோ!’ என்று கத்தினா. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் எங்கள் முற்றத்தில் மட்டும்தானே நிற்கும்? வன்னி முழுக்க அது பாடிக்கொண்டுதானே இருக்கும்? டோலக் நின்றது. பெயர் வந்தது. பூவண்ணன்.

எதிரொலி சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பூவண்ணன் உயிரோடு வவுனியாவில் ஒரு வீட்டில் இருந்தான், வேறு பெயரில், நாள் வருமென்று காத்துக்கொண்டு. ஆனால் பாட்டில் பெயர் வந்தால் ஆள் இல்லை என்றுதான் சனத்துக்கு அர்த்தம். விசுவமடுவில் இருந்த அவனுடைய தாயின் வாசலில், அடுத்த நாள் விடிய, ஊர்ச் சனம் வாழை கட்டிப் பந்தல் போட்டுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூப் போட்டார்கள். உடல் இல்லாத செத்தவீடு. அந்த மாதிரி வேலைக்குப் போனவர்களுக்கு உடல் வராது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

தணிகை வந்தான். என்மேல் கை வைக்கவில்லை, கத்தவும் இல்லை. ‘அவன் இனி அந்த வேலைக்குப் போகேலாது மாஸ்டர். பெயர் வெளியில போட்டுது. அவனைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கு’ என்றான்.

‘நல்லதுதானே தம்பி’ என்றேன். உண்மையாகவே எனக்குச் சந்தோசம். ஒரு உயிர் தப்பியதே. ‘வானொலியில ஒரு வார்த்தை, பிழை நடந்திட்டுது எண்டு சொல்லிவிட்டால்…’

‘பாட்டுப் பிழையெண்டு சொல்லச் சொல்லுறியளோ? நாளைக்கு எந்தப் பாட்டை மாஸ்டர் சனம் நம்பும்? ஒரு தாய் செய்தியைக் கேட்டிட்டு, பொறுங்கோ, நாளைக்கு மாத்திச் சொல்லுவினம் எண்டு இருந்தால்?’ பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: ‘கொஞ்ச நாளைக்கு ஒருதரும் காணாமல் இருக்கட்டும். ஸ்ரூடியோவுக்கு ஒருதரும் கேளாமல் வரமாட்டினம். உங்கட பின்னறையில இருக்கட்டும்.’

போகும்போது சொன்னான், இனி ஒலிநாடா உறையில் என் பெயர் போகாதென்று. தண்டனை அதுதான். பத்துப் பன்னிரண்டு ஒலிநாடா, பிள்ளை. ஒன்றிலும் இல்லை.

இப்படித்தான் பூவண்ணன் என் வீட்டுக்கு வந்தான். பங்குனிக் கடைசியில் வந்தவன், ஆனிக் கடைசிவரை அந்த அறைக்குள் இருந்தான். பத்தடிக்கு எட்டடி. ஒரு பாய், ஒரு வாளி, வெளிப்பக்கம் பலகை அடித்த யன்னல். செத்தவன் சந்தைக்குப் போகமுடியுமா? கிணற்றடியில் நின்று குளிக்கமுடியுமா? முதல் நாளே அவன் சொன்னான்: ‘அக்கா, செத்த ஆக்களுக்குத் தேத்தண்ணி உண்டோ?’ றெஜினா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அன்றையிலிருந்து அவனுக்குத்தான் முதல் சாப்பாடு. புட்டும் பருப்பும், கிடைத்தால் மீன். தன்னுடைய பங்கையும் வைத்துவிடுவா.

டோலக் வாசிக்கக்கூடாது. அவன் அடியைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஆகவே தலையணையில் வாசிப்பான். முன்னறையில் நான் புது டோலக்காரனை வைத்து ஒலிப்பதிவு செய்தால், பின்னறையில் இவனுக்குத் தாங்காது. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனபிறகு கதவு நீக்கலால் சொல்வான்: ‘மாஸ்டர், அவன் டோலக் அடிக்கிறானோ, கதவு தட்டுறானோ?’ தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனுடைய பாட்டைப் பாடிக்கொண்டு போவார்கள், ஒவ்வொரு நாளும் எட்டுமணிக்கும் இரண்டுமணிக்கும். ‘ரண்டாம் சரணத்தில சுருதி இறங்குது. ஆரும் திருத்தமாட்டினமோ?’ என்று கேட்பான். முதல் மாதம் இதைச் சிரித்துக்கொண்டு கேட்டான். இரண்டாம் மாதம், எட்டுமணி ஆனால் பாயில் திரும்பிப் படுத்துவிடுவான்.

ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டான். ‘மாஸ்டர், உண்மையா மாறித்தான் குடுத்தனீங்களோ?’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டும் நீல உறை என்று உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்கும் சொன்னேன். அவன் சோற்றைக் குழைத்துக்கொண்டு கேட்டிருந்தான். கடைசியில், ‘நல்ல பாட்டு மாஸ்டர்’ என்றான். ‘நானெண்டாலும் குடுத்திருப்பன்.’

பாருங்கோ, அவனே நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டான். வாயைத் திறந்தால் நக்கலைத் தவிர வேறு வராதவன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் தாய் வீட்டில் செய்து முடிந்தது என்று கேள்விப்பட்டபிறகு அவன் நக்கல் நின்றுபோனது. தாய் தையலம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. ‘அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடுங்கோ’ என்றான். ‘அவ ஒருதருக்கும் சொல்லமாட்டா. நான் இருக்கிறன் எண்டு ஒரு சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம் மாஸ்டர்.’

‘தணிகைக்குத் தெரிஞ்சால் என்னடா நடக்கும்?’ என்றேன்.

றெஜினா குசினியிலிருந்து வந்தா. ‘நீங்கள் போகாட்டி நான் போறன். சைக்கிளை எடுங்கோ’ என்றா.

போனேன். சித்திரை வெயிலில் பன்னிரண்டு கிலோமீற்றர் மிதித்துப் போனேன். பயந்து போகாமல் விட்டவன் என்று யாரும் சொல்லக்கூடாது. தையலம்மா ஒரு சின்னக் கொட்டிலில் இருந்தா. உள்ளே மகனுடைய படம், மாலை, விளக்கு. யார் என்று கேட்டா. சொன்னேன்.

‘நீங்களோ மாஸ்டர் அந்தப் பாட்டு?’ என்று எழும்பி நின்றுவிட்டா. பாய் எடுத்துப் போட்டா. தேத்தண்ணி வைத்து, உள்ளங்கையில் பனங்கட்டி தந்தா. பிறகு சொன்னா: ‘அதில அவன்ர பெயரைச் சொல்லேக்க ஒரு வளைவு வருமெல்லோ? மிச்சமெல்லாம் ஒரு மாதிரிப் போகும். அந்த இடம் மட்டும் வேற. வாசல் படலைக்குப் போனவன் என்னவோ மறந்துபோய் என்னைத் திரும்பிப் பாக்கிற மாதிரி இருக்கும்.’

பிள்ளை, அந்த நிஷாதத்தைத் தணிகை கவனிக்கவில்லை. கவிஞர் கவனிக்கவில்லை. பாடியவரே, அது நான் பிழையாக எழுதியது என்று நினைத்துத் திருத்தப் பார்த்தார். சங்கீதம் படியாத ஒரு மனுசி, கவிழ்த்த சைக்கிளில் ஓடுகிற றேடியோவில் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறா. 

‘ஒருக்கா பாடிக் காட்டுங்கோ மாஸ்டர். நீங்கள் பாடினால் அவன் வந்து போன மாதிரி இருக்கும்.’

பாடினேன். இன்னொருக்கா கேட்டா. மூன்று தரம் பாடினேன். அவ அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பெயர் வருகிற இடத்தில் மட்டும் தலையை அசைத்தா. ‘இந்தப் பாட்டுத்தான் மாஸ்டர் எனக்கு இப்ப துணை. இதில்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்’ என்றா.

அந்த நேரத்தில் நான் எப்படிச் சொல்வது? அவவுக்கு இருந்த ஒரே துணையை எடுத்துவிடுவதா? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சரி, விடுங்கோ. படலைவரை வந்து வழியனுப்பினா. பனங்கட்டி கொஞ்சம் காகிதத்தில் சுற்றித் தந்தா.

திரும்பி வந்தபோது அவன் கதவு நீக்கலில் நின்றான்.

‘சொன்னனீங்களோ?’

‘அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். இப்ப சொன்னால் தாங்கமாட்டா’ என்றேன்.

‘எப்ப தொடக்கம் நெஞ்சு வருத்தம்?’

நான் பொட்டலத்தை நீட்டினேன். அவன் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். வாங்கி மணந்து பார்த்தான். ‘பாட்டு கேட்டவவோ?’

‘கேட்டவ. அந்தப் பெயர் வாற இடம் நல்லாப் பிடிச்சிருக்காம்.’

‘அவவுக்கு நல்ல காது’ என்றான். பனங்கட்டியைக் கடிக்கவில்லை. பொட்டலத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். றெஜினா அன்றையிலிருந்து என்னோடு தேவைக்குத்தான் கதைத்தா.

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. நானும் இன்னொருக்கா போய்வரலாம் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். வைகாசி போனது. ஆனியும் போனது. ஒருநாள் அவன் தணிகையைக் கூப்பிடச் சொன்னான். இருவரும் அறைக்குள் கதைத்தார்கள், நான் வாசலில் நின்றேன்.

‘என்னை முன்னரங்குக்கு அனுப்புங்கோ அண்ணை, புதுப் பெயரில. அங்க முகம் பாக்க ஒருதருக்கும் நேரம் இராது.’

‘இன்னும் கொஞ்சம் பொறு’ என்றான் தணிகை.

‘எதுவரைக்கும்? நான் இதால வெளியில நடக்கவேணுமெண்டால், ஆரோ ஒராள் பாட்டுப் பொய்யெண்டு சொல்லவேணும். நீங்களும் சொல்லமாட்டியள். மாஸ்டரும் சொல்லமாட்டார்.’

தணிகை சரி என்றான். புதுப் பெயர் வைக்கவேண்டும். அவன் என்னைக் கூப்பிட்டான். ‘மாஸ்டர், ஒரு பெயர் தாங்கோ. மெட்டுக்கு வராத பெயராத் தாங்கோ.’ நான் யோசித்து, இனியன் என்றேன். ‘சின்னப் பெயர். நல்லது’ என்றான். ‘இதுக்குப் பாட்டுக் கட்டாதேங்கோ.’ றெஜினா அவனுக்குத் தலைமயிர் வெட்டினா, நகம் வெட்டினா. மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் வாசலைத் தாண்டினான். வெயிலுக்குக் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் ஏறினான்.

ஆறாம் நாள், ஷெல் துண்டு நெஞ்சில் பட்டது. முகத்தில் ஒரு காயமும் இல்லை.

இந்த முறை உடல் இருந்தது. உடலைத் தாயிடம்தான் கொடுக்கவேண்டும், அது மாற்றமுடியாத ஒழுங்கு. தணிகை என்னையும் வரச் சொன்னான். ‘உங்களை அவவுக்குத் தெரியுமாம். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ’ என்றான். நானும், அவவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

வாகனத்தைக் கண்டு தையலம்மா படலைக்கு வந்தா. தணிகை சொல்லத் தொடங்கினான். அவ அவனை இடைமறித்து, மெதுவாகச் சொன்னா: ‘தம்பி, வீடு மாறி வந்திட்டியள். என்ர பிள்ளைக்கு எல்லாம் செய்து முடிஞ்சுது.’

‘இல்லை அம்மா’ என்றான் தணிகை. 

சவப்பெட்டியைத் திறக்கச் சொன்னா. திறந்தார்கள். நான் அவவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கத்துவா, விழுவா, பிடிக்கவேண்டும் என்று ஆயத்தமாக நின்றேன். அவ கத்தவில்லை. குனிந்து பார்த்தா. கன்னத்தைத் தொட்டா. ‘கொழுத்திருக்கிறான்’ என்றா. சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கையைப் பார்த்தா. ‘வெயில் படேல்லை.’ விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தா. ‘நகம் வெட்டியிருக்கு. ஆர் வெட்டினது?’

 ஊர்ச் சனம் வேலிக்கு வெளியே கூடிவிட்டது. அவ விரல்விட்டு எண்ணினா. சித்திரை, வைகாசி, ஆனி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

‘மாஸ்டர், சித்திரையில இதில இருந்து மூண்டு தரம் பாடினியள். அண்டைக்கு இவன் எங்க இருந்தவன்?’

தணிகை திரும்பி வாகனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னைத்தான் கேட்டா, நான்தான் சொல்லவேண்டும். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

‘பாட்டுத்தான் துணையெண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்?’

 அவ கோபமாகப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த சீலைத் தலைப்பை இழுத்து, மகனுடைய முகத்தை மறைத்தா. ஊர்ச் சனம் அத்தனை பேரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்கள் பக்கம் திறந்துதான் இருந்தது. நான் நின்ற பக்கத்தை மட்டும், ஓர் இடமும் தெரியாமல், இழுத்து இழுத்து மூடினா.